ஜூடியின் காதில் இருந்தது

திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையை ஒட்டித்தான் ஜூடியின் வீடு. அன்று ஆன்லைன் செஸ் போட்டியின் கடைசிச் சுற்று. டிரா செய்தாலே மாநில இறுதிக்குப் போய்விடலாம். குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரிப் பட்டம் வாங்கியவள் அவள். இரண்டு வருடமாக வேலை இல்லை. தைரியமாகச் சொல்லிக்கொள்ள இந்தச் செஸ் ஒன்றுதான் மிச்சம்.

விதிகள் கறார். முகத்துக்கு எதிரே ஒரு கேமரா, முதுகுக்குப் பின்னால் இன்னொன்று. காதில் எதுவும் கூடாது. இந்தக் கெடுபிடிக்கு அவளும் ஒரு காரணம். போன போட்டியில் எதிராளி கம்ப்யூட்டரைக் கேட்டுக் காய் நகர்த்தினான் என்று முதலில் புகார் எழுதியவளே அவள்தான்.

பன்னிரண்டாவது நகர்த்தலில் வெளியே ஹாரன் சண்டை தொடங்கியது. போட்ட கணக்கெல்லாம் கலைந்தது. கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் அப்பா லூயிஸ் சத்தத்துக்காகக் காதில் செருகும் ஸ்பாஞ்சு மேசையோரம் கிடந்தது. அந்த வீட்டில் அதைச் செருகுவது செருப்பு மாட்டுவது மாதிரி. யோசிக்காமல் எடுத்து அடைத்துக்கொண்டாள். யானையை ஏழாம் வரிசைக்கு ஏற்றினாள். ஆட்டம் கைக்குள் வந்தது.

திரையில் எழுத்து வந்தது: தகுதி நீக்கம்.

நடுவர் ராமதாஸுக்குப் போன் போட்டாள்.

"காதுல என்னம்மான்னு மூணு தடவை மைக்குல கேட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல நீ."

"கேக்கல சார்! அது வெறும் ஸ்பாஞ்சு. லாரி சத்தம் சார்."

"உள்ள என்ன இருக்குன்னு கேமராவுல தெரியுமா?"

"ஆட்டத்தைச் சோதிச்சுப் பாருங்க சார்."

"பாத்துட்டேன். ரெண்டு எடத்துல கோட்டை விட்டிருக்க. மெஷின் அப்படி ஆடாது. நீ ஏமாத்தலம்மா. ஆனா விதி விதிதான். வேணும்னா மேல்முறையீடு போடு."

வாசலில் நின்ற லூயிஸ் கொதித்தார். "குடும்மா போனை. ஸ்பாஞ்சு வெச்சா திருட்டா? இன்னா நாயம் இது? அந்த ஆளை இங்க வந்து ஒரு நாள் குந்தச் சொல்லு!"

"நீ சும்மா இரு நைனா. பேஜார் பண்ணாத."

நடுவர் இடத்தில் தான் இருந்தால்? தானும் ஆட்டத்தை நிறுத்தியிருப்போம் என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் எரிச்சலைக் கிளறியது. திட்டக்கூட ஆள் இல்லை.

படிவத்தில் எழுதினாள்: "கதவைச் சாத்தினாலும் எங்கள் வீட்டுக்குள் லாரி ஓடும். அமைதியான வீடு உள்ளவர்களை நினைத்து எழுதிய விதி இது." கெஞ்சுவதுபோல இருந்தது. இருந்தாலும் அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. பரிசீலனைக்கு ஏழு வேலை நாள் ஆகும்.

இறுதிப் போட்டி வருகிற ஞாயிறு.