அரைக்கும் அறையில் மோதிரம்

என் அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில். பாறையில் எந்த உலோகம் எவ்வளவு என்று கண்டுசொல்லும் ஆய்வகத்தில் வேதியியலாளர். அங்கே ஒரு கண்டிப்பு: கல் அரைக்கும் அறைக்குள் பொட்டுத் தங்கம்கூட ஆகாது. கல்தூள் உரசினால் நகை தேயும். தேய்ந்தது தூளில் சேரும். கல்யாணமான மறுவாரமே அவள் மோதிரத்தைக் கழற்றிக் கைப்பையில் போட, மாமியார் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டார். "கல்லுக்கு வாக்கப்பட்டவம்மா அவ" என்று அத்தான்தான் சிரித்துச் சமாளித்தார்.

அந்த அறைக்குள் ஒருநாள் முதலாளி, தன் மலையை விலைபேச வந்த விருந்தாளிகளுடன், தடித்த தங்க மோதிரத்தோடு நுழைந்தார். அந்த மலைக் கல்லை அரைத்த தூளில் கையை விட்டு அளைந்தார். "பாருங்க, மூஞ்சிக்குப் போடுற பவுடர் தோத்துது!"

அக்கா பல்லைக் கடித்தாள். "சார், இந்தத் தூள் இனிமே குப்பை."

அவள் தலை மறைந்ததும் முதலாளி அதையே உலையில் போடச் சொல்லிவிட்டார்.

தூளை ஈயச் சேர்மத்தோடு உருக்கினால் தங்கம் ஈயத்தில் ஒதுங்கும். பிறகு எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துச் சுட்டால், ஈயத்தைக் கிண்ணம் குடித்துவிடும்; தங்கம் மிஞ்சும். மிஞ்சியது, லென்ஸ் வைத்தால் தெரியும் ஒரு மஞ்சள் புள்ளி.

"தங்க மலைம்மா! அறிக்கையில ஒரு கையெழுத்து போடு."

"தங்கம் மலையில இல்ல சார். உங்க விரல்ல இருக்கு."

எடுத்துவைத்திருந்த மீதிப் பாதிக் கல்லைப் புதிதாக அரைத்து, உருக்கி, சுட்டாள். புள்ளியே மிஞ்சாத வெறும் கிண்ணத்தை விருந்தாளிகளின் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே டக்கென்று வைத்தாள். "இது அதே கல்லுதான். நல்லாப் பாருங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

"திமிரு புடிச்சவளே! நாளையிலேர்ந்து வராதே!" முதலாளி கத்தினார்.

அக்கா கைப்பையோடு நேரே அரைக்கும் அறைக்குப் போனாள். மோதிரத்தை எடுத்து நிதானமாக விரலில் மாட்டினாள்.

"ஏய், இங்க போடக் கூடாதுன்னு நீதானே குதிச்சே?"

"அது இங்க வேலை பாக்குறவங்களுக்கு சார்."

அன்றைக்கே போனில் எல்லாவற்றையும் கொட்டினாள். கடல் தாண்டி உட்கார்ந்திருந்த நான் குறுக்கே புகுந்தேன். "வேலை போச்சேக்கா, என்ன பண்ணப் போறே?"

"வேலை கிடக்குது விடு! அந்த ஆளு தூள்ல விட்ட கையை இன்னும் கழுவக்கூட இல்ல!"