ஃப்ரீசரில் இருந்த சுத்தியல்

தெருவில் அவளுக்கு வைத்த பெயர் எண்ணெய்ச்சட்டி. மோட்டார் பழுது பார்க்கும் பட்டறையில் அடுப்பைப் பற்றவைத்து, எண்ணெய்க்குள் பேரிங்கைக் கம்பியில் தொங்கவிட்டுக் காய்ச்சுகிறவளை வேறென்ன சொல்வார்கள்?

"இன்னைக்கு என்ன பலகாரம்?" என்பார்கள் போகிறவர் வருகிறவர்.

"இரும்பு. பல்லு இருந்தா வாங்க."

கணவன் வெளியூர் வேலைக்குப் போனபோது பட்டறைச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான். அவன் தம்பிக்கு அது தொண்டையில் முள். தம்பியின் கட்சி சுத்தியல் கட்சி. பேரிங் என்ற இரும்பு வளையத்தின் துளை, அது ஏற வேண்டிய மோட்டார் தண்டைவிட மயிரிழை சின்னதாக இருக்கும். அதனால்தான் இறுகப் பிடிக்கும். அவன் அடித்து ஏற்றுவான். ஏறவும் ஏறும். அடி வாங்கிய பேரிங் கொஞ்ச நாளில் ஊளையிட ஆரம்பிக்கும். சலவைக்கடைக்காரரின் மோட்டார் அப்படித்தான் திரும்பி வந்தது.

அதில் புதுப் பேரிங்கை அவள் சூடாக்கி ஏற்றப்போனாள். பாதித் தண்டு ஏறியபோது கொழுந்தன் ஏதோ கேட்க, மரியாதைக்கு நின்று பதில் சொன்னாள். அந்த ஒரு வாய்ப் பேச்சுக்குள் பேரிங்கின் சூடு தண்டில் இறங்கிவிட்டது. பேரிங் சுருங்கி நடுவழியில் கவ்விக்கொண்டது. வெட்டித்தான் எடுக்க முடிந்தது. தெருவே சிரித்தது.

"இன்னொரு தடவை இப்படி ஆனா, சாவியக் குடுத்துரணும் அண்ணி."

"ஆகாது. சத்தமில்லாம ஓடிச்சுன்னா, அப்புறம் சாவிப் பேச்சே எடுக்கக் கூடாது தம்பி."

இந்தத் தடவை மோட்டாரின் உள்ளே சுழலும் பகுதியைத் தண்டோடு பாலித்தீனில் சுற்றி, வீட்டு ஃப்ரீசரில் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள். பேரிங் சட்டியில் காய்ந்தது.

"இரும்பு என்ன மாவா, உப்புறதுக்கு?" என்றான் கொழுந்தன்.

"பஸ்ல எல்லாரும் சும்மா நின்னா அடங்கிருவாங்க. அதே ஆளுங்க குதிச்சு இடிச்சுக்கிட்டா இடம் பத்துமா? யாரும் குண்டாகலை, ஆட்டம்தான் கூடிப்போச்சு. இரும்புக்குள்ள இருக்கிற துகளும் அப்படித்தான். சூட்டுல ஆடி விலகி நிக்கும். குளிர்ல ஆட்டம் குறைஞ்சு நெருங்கிக்கும்."

"இரும்புக்குள்ள பஸ் விடுறீங்களா?"

"நீங்க அதுல ஏறாம இருந்தா போதும்."

சலவைக்கடைக்காரர் வாசலில் நின்றார். அவள் தடித்த கையுறை மாட்டினாள். ஃப்ரீசரிலிருந்து எடுத்துவந்த தண்டைப் பட்டறை மேசையின் இடுக்கிப் பிடியில் நிறுத்தி, சட்டியிலிருந்து பேரிங்கைத் தூக்கினாள்.

"அண்ணி, எண்ணெய் பொங்குது," என்றான் கொழுந்தன்.

அவள் திரும்பவில்லை. பொங்கினால் பொங்கட்டும். ஒரே தள்ளு. பேரிங் வழுக்கிக்கொண்டு போய் அடியில் முட்டியது. தண்டு சூடேறி, பேரிங் ஆறி, இரண்டும் ஒன்றையொன்று பிடிக்கும்வரை அழுத்திக்கொண்டே நின்றாள். எண்ணெய் பொங்கவே இல்லை.

"எதுக்கும் மனசுக்கு ஒரு தட்டு தட்டிருவோம்," என்றான் அவன். மேசை மேலும் கீழும் தேடினான். "சுத்தியல் எங்க?"

"ஃப்ரீசர்ல."

"அது எதுக்கு அங்க?"

"உங்க கைக்கு எட்டக் கூடாதுன்னு."

சலவைக்கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். கொழுந்தன் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனான். ஐஸோடு ஒட்டி உறைந்திருந்த சுத்தியலை நெடுநேரம் போராடிப் பெயர்த்து, கைமாற்றிக் கைமாற்றித் தூக்கிக்கொண்டு அவன் திரும்புவதற்குள் மோட்டார் பூட்டப்பட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் கிட்டப் போய்க் காது வைத்தால்தான் கேட்டது.

அவன் காது வைத்துக் கேட்டான். சாவியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"சுத்தியல் இன்னும் ஆறட்டும் தம்பி, ஃப்ரீசர்லயே திரும்ப வையுங்க," என்றாள்.