லட்டுவின் பாதி வேஷ்டி

எங்கள் வீட்டு நாயை நான் குடையால் அடித்தேன். மறுநாள் அதை ஆட்டோவில் ஏற்றி, பாலம் தாண்டி நெருளில் இருக்கும் பழைய அலுவலக நண்பர் வீட்டில் விட்டுவிட்டு வந்து, கதவு திறந்திருந்தது, ஓடிப்போய்விட்டது என்று பொய்யும் சொன்னேன். சாக்குச் சொல்லாமல் இரண்டையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்தது என்னுடைய பழைய நாலு முழ வேஷ்டி ஒன்று.

மகனும் மருமகளும் கல்யாணமான வருஷம் செம்பூர் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து தூக்கி வந்த குட்டி அது. உருண்டையாக இருந்ததால் லட்டு என்று பெயர். கொண்டுவந்தது அவர்கள்; அது ஒட்டிக்கொண்டது என்னிடம். நான் பேப்பர் படிக்கும் பிரம்பு நாற்காலிக்குக் கீழே, நான் கழித்துப்போட்ட அந்த வேஷ்டியை நாலாக மடித்து விரித்தால்தான் படுக்கும். ஓரத்தை மென்று மென்று கரையையே பிய்த்து வைத்திருந்தது.

பேத்தி பிறந்தாள். எங்களில் பதினோராம் நாள் புண்யாஹச் சடங்கு ஆகிறவரை குழந்தைக்குப் புதுத்துணி கிடையாது. துவைத்துத் துவைத்துப் பூப்போலான பழைய வேஷ்டிதான். "ஒண்ணு எடுத்துத் தாங்கோ" என்று மனைவி கேட்டாள். பால்கனிக் கொடியில் கைக்குக் கிடைத்ததில் மிக மெல்லியதை உருவிக் கொடுத்தேன். அவள் அதைக் கொதிநீரில் போட்டு, அலசி, வெயிலில் காயவைத்தாள்.

குழந்தை வீட்டுக்கு வந்த அன்று மாலை, தொட்டிலருகில் நான் மட்டும் இருந்தேன். லட்டு மெதுவாக வந்தது. தொட்டிலிலிருந்து தொங்கிய துணி நுனியை முகர்ந்தது, கவ்வியது, இழுத்தது. குழந்தை வீறிட்டது. சுவரில் மாட்டியிருந்த குடையை எடுத்தது நினைவிருக்கிறது. லட்டு குரைக்கவில்லை, நாற்காலிக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. அதுதான் இன்றும் என்னை அறுக்கிறது.

மகன் நாலு நாள் தெருத்தெருவாக அலைந்தான். வடாபாவ் கடைக்காரர்களிடம் போனில் இருந்த படத்தைக் காட்டி, இந்த நாயைப் பார்த்தீர்களா, "யே குத்தா தேகா க்யா?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தான். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி திடுக்கிட்டுக் கூப்பிட்டாள். "ஏன்னா, இது லட்டுவோட வேஷ்டின்னா! ஓரத்தப் பாருங்கோ, அதோட பல்லு! இதைப் போயா எடுத்துக் குடுத்தேள்?"

துவைத்துக் கொடியில் போட்டிருந்த அதன் படுக்கையைத்தான் நான் பார்க்காமல் உருவியிருக்கிறேன். எத்தனை அலசினாலும் நாய்க்குத் தன் துணி தெரிந்திருக்கிறது. அது குழந்தையைக் கடிக்க வரவில்லை. தன் படுக்கையைக் கேட்டு வந்திருக்கிறது. அந்த நிமிஷமே மூன்று பேரையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மகன் எழுந்து வெளியே போய்விட்டான். மருமகள் குழந்தையைத் தட்டித் தூங்கவைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அது உங்க காலடியிலதானேப்பா படுத்துண்டிருந்தது" என்றாள். பிறகு, "போய் அழைச்சுண்டு வாங்கோ. கொழந்தையோட அதைப் பழக்கறதும் உங்க வேலைதான்" என்றாள்.

நெருளில் லட்டு என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "சரியாவே சாப்பிடல சார், கேட்டையே பாத்துண்டிருக்கு" என்றார் நண்பர். திரும்பி வருகிற வழியெல்லாம் ஆட்டோவின் மறு ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்த வேஷ்டியை நெடுக இரண்டாகக் கிழித்தேன். ஒரு பாதியைக் குழந்தையின் அருகில் ஒருநாள் போட்டுவைத்து, அவள் வாசனையோடு நாற்காலிக்குக் கீழே விரித்தேன்; மறு பாதி தொட்டிலிலேயே இருந்தது. மருமகள் சொல்லித் தந்தபடி, லட்டுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொட்டிலிலிருந்து பத்து மொசைக் கல் தள்ளி உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு ஒரு கல்தான் முன்னேறலாம். குழந்தை அழும்போது அது பேசாமல் இருந்தால் ஒரு இட்லித் துண்டு. முதல் இரண்டு நாள் என் கையிலிருந்து வாங்கவில்லை. தரையில் வைத்து நான் தலையைத் திருப்பிக்கொண்டால் தின்றது. மூன்றாம் நாள் கையை நக்கியது. நான் அழுததை மனைவி பார்த்துவிட்டாள்.

விரைவிலேயே பாடம் தலைகீழாயிற்று. "கொழந்தை அழுதா எல்லாரும் தொட்டிலுக்கு ஓடறா. இது இட்லித் தட்டுக்குன்னா ஓடறது!" என்று மனைவி சிரித்தாள். அதைக் கேட்டு மகனும் சிரித்துவிட்டான். நானும் அவனும் மறுபடி பேச ஆரம்பித்தது அப்போதுதான்.

பத்துக் கல்லும் தீர்ந்து சில வாரம் கழித்து ஒரு மத்தியானம், சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நான் பால்கனியில் கண்ணயர்ந்திருந்தேன். இடுப்பு வேஷ்டியை யாரோ இழுத்தார்கள். லட்டு. விடாமல் இழுத்து உள்ளே கூட்டிப்போயிற்று. தொட்டிலில் பேத்தி நனைந்து அழுதுகொண்டிருந்தாள். அதே கவ்வல், அதே இழுப்பு. இந்த முறை என் கை அதன் தலைக்குப் போயிற்று.

இப்போது பேத்தி இரண்டாம் வகுப்பு. லட்டுவுக்கு மூஞ்சி நரைத்துவிட்டது. படியேற என்னைப் போலவே நின்று நின்று வருகிறது. போன வாரம் நடந்ததையெல்லாம் அவளிடமும் நானே சொன்னேன். வேறு யார் வாயிலாகவும் அவளுக்குத் தெரியவேண்டாம் என்று தோன்றியது.

"லட்டுவையா அடிச்சே?" என்றாள். கோபத்தில் மூக்கு சிவந்தது. "சாரி போலா க்யா?"

"சொன்னேன்மா. தினமும் சொல்றேன்."

"அது மாஃப் பண்ணித்தா?"

மன்னித்ததா என்பதை லட்டுதான் சொல்லவேண்டும். அவள் காத்திருக்கவும் இல்லை. நேராக நாற்காலிக்குக் கீழே ஊர்ந்துபோய், வலைபோல் இற்றுப்போன அந்தப் பாதி வேஷ்டியில் லட்டுவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். லட்டு கண்ணைத் திறக்காமலே கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டது.