மாடியிலிருந்து பார்த்த வேம்பு

திருமயத்துக்கு வெளியே புதிதாக பிளாட் போட்ட இடத்தில் வீடு கட்டி நாங்கள் குடிவந்தபோது, என் வீட்டுக்காரருக்கு வேலையில் கொஞ்ச காலம்தான் பாக்கி இருந்தது. கரண்ட் ஆபீசில் வயர்மேன். மாசி பிறந்ததும் கம்பிக்குப் பக்கத்தில் வளர்ந்த கிளைகளை வெட்டக் கிளம்பிவிடுவார். சித்திரையில் கோடை மழையோடு காற்று வரும். அதற்குள் வெட்டி முடித்தாக வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் மாசி வந்தால் அவருக்குக் கால் நிற்காது. தெருவில் நடக்கும்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார். எந்த வேம்பு இன்னும் துளிர்க்கவில்லை, எந்த மாமரத்தின் அடியில் மரத்தூள் கொட்டிக்கிடக்கிறது, எந்தத் தென்னையின் குருத்து சாய்கிறது என்று பார்த்து, கேட்டைத் தட்டிச் சொல்லிவிட்டு வருவார்.

சிலர் கேட்டுக்கொள்வார்கள். பலர் சரி சரி என்று கதவைச் சாத்துவார்கள். முக்கு வீட்டு மாமரம் இந்த வருடம் தாங்காது என்று ஒருமுறை சொன்னார். அது அந்த வருடம் கிளை ஒடியக் காய்த்தது. அதிலிருந்து மர டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீஸ் வரைக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. ஒருவர் வீட்டு வாசலிலும் இனி நிற்கக் கூடாது என்று நான்தான் கண்டிப்பாகச் சொன்னேன். அவர் தெருவில் நிற்பதை விட்டுவிட்டு மாடிக்குப் போக ஆரம்பித்தார்.

மகள் வாங்கிக் கொடுத்த போனில் தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துப் பார்க்கலாம். அதை வைத்துக்கொண்டு காலையில் காபி குடித்த கையோடு மேலே போவார், வெயில் ஏறியதும் இறங்குவார். யாருக்கும் தொந்தரவு இல்லை என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

போன வருடம் பங்குனியில் ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மா கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். எப்போதும் கொல்லைப் பக்கமாகவே வந்து அடுப்படியில் உட்கார்ந்து பேசுகிறவர். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. அவருடைய மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் போய்விட்டான். மருமகள் மாமியாரோடு இருந்தாள்.

"அக்கா, தப்பா நெனக்காதீங்க" என்றார். "அண்ணன் மாடில நின்னு போனப் புடிச்சுக்கிட்டு எங்க கொல்லப் பக்கமே பாத்துக்கிட்டு இருக்காங்களாம். புள்ள குளிக்கப் போகவே கூசுதுங்குது."

அவர் போன பிறகும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு வாசலில் கோலப்பொடி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. உண்மையில் பார்த்தார்களா என்று தெரியாது.

உள்ளே வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். கேள்வியாகக் கேட்கவில்லை. அந்த அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் ரேடியோவை அணைத்தார். முகம் கறுத்துவிட்டது. போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீயே பாரு" என்றார்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். இத்தனை வருடம் ஒன்றாக இருந்தவள், உங்களைத் தெரியாதா என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நான் போனை வாங்கிக் கொண்டேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, அதில் அவர் எடுத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் மரம்தான். பக்கத்து வீட்டுக் கொல்லையில் நிற்கும் பெரிய வேம்பு, திரும்பத் திரும்ப அதுவே. அடியிலிருந்து இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இரண்டாகப் பிரிந்த மரம். ஒரு பக்கம் செம்பு நிறத்தில் துளிர்விட்டு நிறைந்திருக்க, மற்றப் பக்கம் மொட்டையாக நின்றது. பிரிகிற கவட்டையில் கீழ்நோக்கி ஒரு வெடிப்பு. அதிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் வழிந்து பட்டை நனைந்திருந்தது. ஒரு வாரத்துப் படத்துக்கும் அடுத்த வாரத்துப் படத்துக்கும் வெடிப்பு கூடியிருந்தது எனக்கே தெரிந்தது. மொட்டைக் கிளைக்கு நேர் கீழே அவர்கள் வீட்டுக் குளியலறையின் தகரம்.

ஒரு படத்தின் ஓரத்தில் மட்டும் அந்தப் பெண் இருந்தாள். கொடியில் துணி போடுகிறாள். முதுகுப்பக்கம்தான் தெரிந்தது, ஈரத் தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

படத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் புள்ள நின்னது எனக்குத் தெரியாதுடி" என்றார். பிறகு, எல்லாவற்றையும் அழித்துவிடு என்றார்.

அழித்திருந்தால் வேம்பைப் பற்றிச் சொல்வதற்கு எங்களிடம் ஒன்றும் இருந்திருக்காது. அந்த ஒன்றை மட்டும் அழித்துவிட்டுக் கொண்டுபோய்க் காட்டலாமா என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததே அருவருப்பாக இருந்தது. மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, போனோடு பக்கத்து வீட்டுக்குப் போனேன். மாமியாரும் மருமகளும் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். மரத்தைத்தான் அவர் எடுத்தார், ஆனால் ஒன்றில் நீயும் இருக்கிறாய், நீயே பார்த்து அழித்துவிடம்மா என்று அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் படத்தைக் கண்டுபிடித்து அழித்தாள். அழித்த பிறகும் மற்றவற்றைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் அவள்தான் மாமியாரிடம் வெடிப்பைக் காட்டினாள். மூன்று பேரும் கொல்லைக்குப் போய் அண்ணாந்து பார்த்தோம். கீழேயிருந்து பார்த்தால் இலை மறைத்து ஒன்றும் தெரியவில்லை. எங்கள் மாடியிலிருந்து மட்டும்தான் அது தெரியும்.

அந்த வாரமே மரம் வெட்டுகிறவர்களை வரவழைத்தார்கள். முழு மரத்தையும் எடுப்பதா, கிளையை மட்டும் எடுத்தால் போதுமா என்று அவர்களுக்குள் பேச்சு. அண்ணனை ஒரு வார்த்தை கேட்டு வரச்சொல்லி அந்த அம்மா ஆளை அனுப்பினார். இவர் போகவில்லை. கொல்லைப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளறையில் படுத்துக்கொண்டார். மொட்டைக் கிளையை மட்டும் துண்டு துண்டாக அறுத்து, தகரத்தில் விழாமல் கயிற்றில் இறக்கச் சொல், வெட்டிய இடத்தில் தண்ணீர் நிற்காமல் சரிவாக அறுக்கச் சொல் என்று என்னிடம் சொன்னார். நான் போய் அதைச் சொன்னேன்.

கிளையை அறுத்தபோது உள்ளே பாதி உளுத்துப்போயிருந்தது. இது விழுந்திருக்குமா என்று அந்த அம்மா கேட்டார். மரம் ஏறினவர், விழுந்தாலும் விழுந்திருக்கும், இன்னும் ரெண்டு மழை தாங்கினாலும் தாங்கியிருக்கும் என்றார். அவர் இன்னும் கொஞ்சம் உறுதியாகச் சொல்லக் கூடாதா என்று எனக்கு இருந்தது.

கிளையை இறக்கிய மறுநாள் அவர்கள் வீட்டுச் சுவருக்கு மேல் கம்பு நட்டுப் பச்சை வலை கட்டினார்கள். முன்பே சொல்லி வைத்திருந்த ஆள் வந்துவிட்டான், திருப்பி அனுப்ப முடியவில்லை என்று அந்த அம்மா என்னிடம் சங்கடப்பட்டார். கட்டுங்க, நல்லதுதான் என்றேன். இப்போது பழையபடி அடுப்படிக்கு வருகிறார். அவர் வரும்போது இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார்.

அந்தப் பெண் ஒருநாள் எங்களைக் கடைத்தெருவில் பார்த்து, "பெரியப்பா, மரம் இப்ப நல்லாருக்கு" என்றாள். இவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். அவளும் வேறு பக்கம் பார்த்தாள். அவள் பயந்ததில் என்ன தப்பு? என் மகளாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

போனை வாங்கிப் பார்த்ததற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நீ பார்த்ததும் நல்லதுதான் என்றார்.

இந்தப் பங்குனியில் எங்கள் கொல்லை முருங்கையில் கம்பளிப்பூச்சி அடை அடையாக ஒட்டிக்கொண்டிருந்தது. நானே வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கிவிட்டு அவரைக் கூப்பிட்டேன். மருந்தடிக்கிற டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் படிக்கு உள்ளேயே நின்றார்.

"அந்தப் புள்ள அங்கிட்டு நிக்குதான்னு பாரு" என்றார்.

வலைக்கு அப்பால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. யாரும் இல்லை என்றேன். அவர் வெளியே வந்து, அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்று மருந்தடித்தார். மரத்தின் சுவர்ப் பக்கம் மட்டும்தான் நனைந்தது. சுவரைப் பார்த்து நின்று அடிக்க வேண்டிய இந்தப் பக்கத்தை நான் அடித்து முடித்தேன்.