மாத்தறை வரை ஒரு வாயாடி

என் பெரியப்பாவைப் போல மெதுவாகக் கார் ஓட்டும் மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. நெய்வேலி மைன்ஸில் டம்பர் ஓட்டி ரிட்டயர் ஆனவர். சுரங்கத்துக்குள் மண் சுமந்த வண்டியை எவ்வளவு நிதானமாக ஓட்டினாரோ, அதே நிதானத்தில்தான் இலங்கையின் கடற்கரைச் சாலையில் வாடகைக் காரையும் ஓட்டினார். கிளம்புமுன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து எல்லா டயரையும் காலால் தட்டிப் பார்ப்பார். எங்கே நிறுத்தினாலும் பின் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுக்காமல் நகரமாட்டார். மேடு பள்ளமே இல்லாத தென்னந்தோப்பிலும் அதே கதைதான். கல் பொறுக்கி வருவது என் வேலை.

"சைக்கிள்காரன் முந்திகினு போறான், பாருங்க," என்பாள் பெரியம்மா.

"போவட்டுமே. அவனுக்கு ஷிஃப்டுக்கு நேரமாச்சோ என்னவோ," என்பார் அவர்.

கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து வெளியூர் போனதே கிடையாது. லீவு நாளிலும் ஓவர்டைம் பார்த்தவர் பெரியப்பா. அவர் ரிட்டயர் ஆனதும் பெரியம்மா வாய்விட்டுக் கேட்டது ஒன்றுதான். கடலை ஒட்டியே, அவசரமில்லாமல், காரில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கடலூர் போதாதா என்று மனிதர் பேரம் பேசிப் பார்த்திருக்கிறார். விமானத்தில் ஏறிப் போகிற கடலாக இருக்க வேண்டும் என்று பெரியம்மா ஒரே பிடியாக நின்றாள். கொழும்பிலிருந்து மாத்தறை வரை என்று முடிவாயிற்று. கூடவே ஏழு வயது நானும்.

என்னை எதற்குக் கூட்டிப் போகிறார்கள் என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அவளுடைய தங்கையான என் அம்மாவுக்கோ வயிற்றில் அடுத்தது. அங்கே ஒன்று, இங்கே ஒன்று இருக்கட்டுமே என்று வீட்டுப் பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். அம்மா பல நாள் தள்ளிப்போட்டாள். கடைசியில், "புள்ள ஒட்டிகினா வச்சிக்கோக்கா," என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

ஒட்டிக்கொள்ளாமல் என்ன? பெரியம்மா ஊட்டினால்தான் சாப்பாடு, பெரியம்மா மடியில்தான் தூக்கம். என் வாய்தான் சும்மா இருக்கவில்லை. மைன்ஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைக்குக் கடிகாரம் எதற்கு, அப்பாவின் ஷிஃப்ட் போதாதா? செவ்விளநீர் குடிக்க நிறுத்தினால், "இந்நேரம் அப்பா செகண்ட் ஷிஃப்டுக்குக் கெளம்பியிருப்பாரு. அம்மா டிபன் பாக்ஸ மூட முடியாம அழுத்திகினு இருக்கும்," என்பேன். அலையில் கால் நனைத்துக்கொண்டே, அம்மா இப்போது துணி மடிக்கிறது, அந்தி விளக்கேற்றுகிறது என்று வரிசையாகச் சொல்வேன். முதலில் பெரியம்மா சிரித்தாள். போகப்போக, நான் ஆரம்பித்தாலே கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

மாத்தறைக்குக் கொஞ்சம் முன்னால் கடலைப் பார்த்த மாதிரி ஒரு டீக்கடை. பெரியப்பா டயரைப் பார்க்கிறேன் என்று எழுந்து போனார். பெரியம்மா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"ஏண்டி தங்கம், எங்க வூட்டுலயே இருந்துடுறியா? மந்தாரக்குப்பத்துலேர்ந்து பெரியப்பா தெனம் ஸ்கூலுக்குக் கூட்டிகினு போவாரு."

எனக்கு ஒரே சந்தோஷம். "இருக்கேனே பெரிம்மா. அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் வர்ற வாரம் மட்டும் எங்க வூட்டுக்குப் போயிடுவேன். அம்மாவுக்குத் தனியா படுக்க பயம். எங்கைய புடிச்சிகினாத்தான் தூங்கும்."

"இப்பத்தான் பக்கத்து வூட்டு அக்கா வந்து படுக்குதே?"

"அந்தக்கா படுக்கும். அம்மா தூங்காது."

பெரியம்மா என் வாயோரத்தில் இருந்த பிஸ்கட் தூளை முந்தானையால் துடைத்தாள். தூள் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு பெரியப்பாவைப் பார்த்து, "வண்டிய எடுங்க. கொஞ்சம் வெரசாத்தான் போங்களேன்," என்றாள். பாவம், அவரும் அன்றைக்கு ஒரு ஆட்டோவை முந்தினார்.

ஊருக்குத் திரும்பியபோது டாக்ஸி மந்தாரக்குப்பம் போகாமல் நேராக எங்கள் குவார்ட்டர்ஸ் முன்னால் வந்து நின்றது. அம்மா வாசலில் நின்றிருந்தாள். பெரியப்பா என் பையை இறக்கி வைத்தார். பெரியம்மா வண்டியை விட்டு இறங்கவேயில்லை.

"இந்தாடி, உம் பொண்ண நீயே வச்சிக்கோ. யப்பா, என்னா வாயி! காது வலிக்குது. இத வச்சிகினு என்னால ஆவாது."

அம்மா ஜன்னலுக்குள் கையை விட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெற்ற மகளை இப்படிக் குறை சொன்னால் எந்த அம்மாதான் அழமாட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா முறுக்கு சுட்டு எடுத்து வந்தாள். "காது சரியாயிடுச்சிடி, ஒரு வார்த்த பேசு," என்று என் மோவாயைப் பிடித்துக் கெஞ்சினாள். நான் வாயாடி இல்லை என்று காட்டியே தீருவது என்ற வைராக்கியத்தில், அவள் எழுந்து போகும்வரை உதட்டை இறுக மூடிக்கொண்டு அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன்.