வெறுங்கூடையோடு மலைக்குப் போன உங்கள் அம்மா

உங்கள் அம்மாவுக்கு நோய் முதலில் வலது கைப் பெருவிரலில்தான் வந்தது. தேயிலைக் கொழுந்தைப் பிடிப்பாள், ஒடிக்க வராது. குளிர் என்று நினைத்தோம். வட்டவளைப் பக்கத்து மழையில் யாருக்குத்தான் விரல் விறைக்காது? எண்ணெய் தேய்த்து, அடுப்பில் கையைக் காட்டிவிட்டு மறுநாளும் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனாள். அடுத்த வருஷம் கால் இழுத்தது. பேச்சும் குழறத் தொடங்கிய பிறகுதான் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நீங்கள் இருவரும் அப்போது தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுப் போகிற வயது. உங்களுக்கு இது ஞாபகம் இருக்காது.

ஆஸ்பத்திரியில் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, இது நரம்பு சாகிற வருத்தம். மருந்து இல்லை. கூடிக்கொண்டுதான் போகும். பிறகு விழுங்கவும் ஏலாது." நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுச் சொன்னார்: "இப்பிடியான ஆக்கள், சம்பளத்தில பிடிக்கிற சேமலாபப் பணத்தை எடுக்க வயசு வரும்வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. இனி வேலை செய்ய ஏலாதெண்டு தோட்டம் எழுதித் தரட்டும். நான் அவசரமெண்டு போட்டு அனுப்புறன். சுணங்காதையும்."

திரும்பி வரும்போது ரயிலில் அம்மா கேட்டாள். "என்னவாம்?"

பணத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். மற்றதை அவள் என் முகத்திலேயே படித்திருப்பாள்.

"வந்தா ஒரு மெத்தை வாங்குங்க. பலகையில எலும்பு குத்துது" என்றாள். அந்த மெத்தையில் அவள் படுப்பதற்குள் காலம் முடிந்துவிடுமோ என்ற பயம் அன்றைக்கே என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் தோட்டத்து ஆபீசுக்கு ஓடினேன். பெரிய கிளாக்கர் ஐயா வேலைக் கணக்கு எழுதும் செக்ரோலைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னப்பா, விளையாடுறியா? போன மாசம் பூரா கிலோ குறையாம முழுப்பேரு, முழுநாள் சம்பளம் விழுந்திருக்கு. சில நாளு கூட்டியே எடுத்திருக்காங்க. இந்த ஆளுக்கு ஏலாதுன்னு நான் எழுதினா, துரை என்னை வீட்டுக்கு அனுப்பிருவாரு."

நான் திரும்பி நடந்தேன். காரணத்தை அவரிடம் சொல்ல முடியாது. எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைத்தாச்சி யாராவது கொழுந்தெடுத்தால், மடுவத்துக்கு நிறுக்கப் போகும் வழியில் மற்றப் பொம்பளைகள் ஆளுக்கொரு பிடி அவள் கூடையில் போட்டுவிட்டு நடப்பார்கள். கேட்டும் செய்வதில்லை, சொல்லியும் செய்வதில்லை. கொழுந்து நிறுத்து எழுதும் கணக்கப்பிள்ளை அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்ப்பார். உங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான் பிடி பிடியாகப் போட்டுக் கூடையை நிரப்பியிருந்தார்கள். அந்தக் கொழுந்துதான் இப்போது அவளை நல்ல சுகமான ஆள் என்று காட்டிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் கணக்கப்பிள்ளையின் வேலை போகும், போட்டவர்கள் பாடும் திண்டாட்டமாகிவிடும்.

விஷயம் தெரிந்ததும், வரிசை வீட்டு லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டு வந்தார். "நாங்க போட்டதுதான் ஒன்னைக் கவுத்துருச்சா, புள்ள? நான் போறேன் துரைகிட்ட. செக்ரோல்ல பேரை வெட்டினா வெட்டிட்டுப் போகட்டும்."

அம்மா குழறிச் சொன்னதை நான்தான் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. "வேணாக்கா. ஒங்க வீட்டு அடுப்பும் அணையணுமா? நாளையிலருந்து என் கூடையில ஒருத்தரும் கை வைக்காதீங்க. கணக்குல உள்ளதே விழட்டும்."

மறுநாளிலிருந்து விடியற்காலையில் அவளை முதுகில் சுமந்து மலையில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, நான் கவ்வாத்து வெட்டப் போனேன். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு ஒரு செடியைப் பிடித்தபடி நிற்பாள். நிற்க முடியாதபோது ஈரத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். காலில் ஏறுகிற அட்டையைப் பிடுங்கிப் போடவும் விரல் வளையாது. மற்றவர்கள் கொழுந்து வழிய வழியப் போவார்கள். பக்கத்துக் காம்பரா அக்கா, தன் கை தானாக நீண்டுவிடும் என்று செடி ஈரம் படாமல் இடுப்பில் கட்டிய படங்குச் சீலைக்குள் இரண்டு கையையும் சொருகிக்கொண்டு அவளைத் தாண்டிப் போவாராம்.

ஒருநாள் மத்தியான நிறுவைக்கு நானும் போயிருந்தேன். தராசில் கூடையின் பாரம் மட்டும்தான் இருந்தது.

"ரெண்டு கிலோன்னு போட்டுக்கவாம்மா?" கணக்கப்பிள்ளை பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்.

"உள்ளதைப் போடுங்கய்யா" என்று அம்மா குழறினாள்.

பொண்டாட்டிக்கு ஒன்றுமே முடியவில்லை என்பது எல்லார் கண்ணிலும் பட வேண்டும், சீக்கிரம் பட வேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்ட புருஷன் நான். அப்படி ஒரு வேண்டுதல் உங்களுக்கு என்றைக்கும் வரக் கூடாது.

மாதம் முடிந்ததும் பெரிய கிளாக்கர் ஐயா செக்ரோலைப் பார்த்தார். இனி வேலை செய்ய ஏலாது என்று எழுதிக் கொடுத்தார். டாக்டரும் சொன்னபடியே அவசரம் என்று போட்டு அனுப்பினார். பணம் வந்தபோது அம்மாவுக்குக் கஞ்சித் தண்ணீர் மட்டும்தான் இறங்கியது. பேச்சு முழுவதுமாக நின்றுவிட்டிருந்தது.

அட்டனில் மெத்தை வாங்கி லொறியில் ஏற்றி வந்தேன். பாதை லயம் வரைக்கும் இல்லை. மழை வேறு. வேலை விட்டு வந்த பொம்பளைகள் தங்கள் படங்குகளை அவிழ்த்து மெத்தையைச் சுற்றி, தலையில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அவர்கள் நனைந்தார்கள், மெத்தை நனையவில்லை. அம்மாவைத் தூக்கிப் படுக்க வைக்கக் குனிந்த அக்கா, பாதியில் நின்று கேட்டார்.

"என்னா புள்ள, இதுலயாவது நாங்க கை வைக்கலாமா?"

அம்மா சிரித்தாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. நான் பார்த்த அவளுடைய கடைசிச் சிரிப்பு அதுதான். அந்த மழைக்காலம் முடியும்வரைகூட அவள் அதில் படுத்திருக்கவில்லை; அதற்குள் போய்விட்டாள்.