ரசமட்டக்காரர்

சாவிக்கொத்தில் தொங்கும் குட்டி ரசமட்டத்தைப் புது அருங்காட்சியகத்தின் ஜன்னல் விளிம்பில் படுக்கவைத்துவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிகிறார். குழாய்க்குள் குமிழி கொஞ்சம் ஊசலாடிவிட்டு நட்டநடுவில் போய் நிற்கிறது. "சே!" என்று நிமிர்கிறார். சனிக்கிழமை காலைகளில் இந்தச் சதுக்கத்துக்கு வருபவர்களுக்கு இது பழகிப்போன காட்சி.

ஐம்பதைத் தாண்டிய ஆர்க்கிடெக்ட். அடுக்குமாடி வீடுகளுக்குப் படம் போடுகிறவர். அலுவலகத்தில் ரசமட்டம் என்றே பெயர்; கோணலான மேசையில் டீகூடக் குடிக்க மாட்டார். பழைய நீதிமன்றத்துக்கும் மணிக்கூண்டுக்கும் நடுவே அருங்காட்சியகம் கட்டப் போட்டி வைத்தபோது இவரும் படம் அனுப்பினார். முழுக்கக் கண்ணாடி. "புதுசுன்னா புதுசாத் தெரியணும்யா" என்பது இவர் கட்சி. தேர்வானது வேறொருவர் படம். அந்த வேறொருவர், இவர் மனைவி.

மூன்றாம் மனிதர் ஜெயித்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கியிருப்பார். இது ஒரே கூரைக்கு அடியில் குடியிருக்கும் வயிற்றெரிச்சல். தினமும் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டியிருக்கிறது.

அந்த அம்மாள் கட்டியது அடக்கமான கட்டடம். நீதிமன்றத்துச் செங்கலின் அதே மங்கிய சிவப்பு, அதே சுண்ணாம்புச் சாந்து. கூரை விளிம்பு பக்கத்துக் கூரையின் மட்டத்திலேயே ஓடுகிறது. ஆனால் பழைய சுவரை எங்கும் தொடவில்லை. கை நுழையும் அளவுக்கு இடுக்கு விட்டிருக்கிறார். அதற்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதும் நம்மவரின் வேலைகளில் ஒன்று. ஈரமில்லை, விரிசலில்லை. ஒரு நாள் பல்லி இருந்தது. "உன் மியூசியத்துல பல்லி!" என்று வீட்டில் அறிவித்துவிட்டு அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

திறப்பு விழாவுக்குக் கால்வலி என்று போகவில்லை. "நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயிலேருந்து முத்து உதிர்ந்திடுமா?" என்று மனைவி கேட்டே விட்டார். கிடைத்தது ஒரு "பரவால்ல". அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. கல்யாணமான நாள் முதல் இருவரும் ஒரே மேசையில் படம் போட்டவர்கள். இப்போது அவர் தன் படங்களை வீட்டில் விரிப்பதே இல்லை. மேசையின் அந்தப் பாதி காலியாகக் கிடப்பது இவருக்கு உறுத்துகிறது. இருந்தும் அந்த ஒரு வார்த்தை தொண்டையைத் தாண்ட மறுக்கிறது.

ஒரு சனிக்கிழமை இவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. கட்டடத்துக்கு நேர் எதிரில் நின்றுகொண்டே ஒருவர், "சார், புது மியூசியம் எந்தப் பக்கம்?" என்றார். நம்மவர் வீட்டுக்கு ஓடினார்.

"உன் கட்டடம் யார் கண்ணுக்குமே தெரியல! முன்னாடி நின்னுக்கிட்டே வழி கேக்கறாங்க!"

மனைவி கையிலிருந்த பாத்திரத்தை இறக்கி வைத்தார். "நெஜமாவா?" முகமெல்லாம் சிரிப்பு. உடனே அக்காவுக்குப் போன். "கண்டுபிடிக்கவே முடியலயாம்க்கா! இதுக்குத்தானே இவ்ளோ பாடுபட்டேன்!"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான். அன்று முதல் இவர் உஷார். யாராவது சதுக்கத்தில் விழித்துக்கொண்டு நின்றால், கேட்பதற்கு முன்பே விரல் நீளும். "தோ, எதிர்லயே இருக்கே! இவ்ளோ பெருசு தெரியலயா?"

போன சனிக்கிழமை ஒரு முதிய தம்பதி வந்தார்கள். "தம்பி, இங்க புதுசா ஏதோ மியூசியம் கட்டியிருக்காங்களாமே?" என்றார் அந்தப் பெரியவர். விரல் பாதி எழுந்துவிட்டது. அப்போதுதான் மணிக்கூண்டின் அடியில் மனைவியைக் கண்டார். ஏதோ வேலையாக வந்தவர், எழும்பிய அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"எங்கன்னு தெரியலயேங்க" என்றார் நம்மவர், மணிக்கூண்டு வரை கேட்கும்படி உரக்க. நீட்ட வந்த விரலை மடக்கி, அந்தக் கையையே நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு, நீதிமன்றத்திலிருந்து மணிக்கூண்டு வரை ஒரு செங்கல் விடாமல் தேட ஆரம்பித்தார்.